இரண்டு பச்சைத் தார்ப்பாய்கள்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஈரப்பத மானி பதினாறு புள்ளி எட்டு என்று காட்டியது. பதினேழுக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். நெடுங்கொல்லை நெல் கொள்முதல் நிலையத்தின் சிமெண்டுக் களத்தில் ஒன்பது நாள்களாகக் காத்துக் கிடந்த செல்லதுரை, அந்த எண்ணைத் தானும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டான். பட்டியல் எழுத்தர் தலையசைத்தார். உதவியாளர் வாளியிலிருந்த சுண்ணாம்புத் தண்ணீரைச் செல்லதுரையின் நெற்குவியல் மேல் உச்சியிலிருந்து அடி வரைக்கும் கோடாக ஊற்றிவிட்டுப் போனார்.

சுண்ணாம்புக் கோடு விழுந்த குவியலை அதற்குப் பிறகு உடையவனே தொடக் கூடாது. தேறிய நெல்லோடு ஈர நெல்லை யாரும் கலந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த நிலையத்தில் வைத்திருந்த வழக்கம் அது. கோடு முழுதாக இருந்தால் மறுநாள் காலை நெல் தராசுக்குப் போகும். கோடு கலைந்தால் ஈரம் பார்த்தது செல்லாது. வரிசையின் கடைசிக்குப் போய்ப் புது டோக்கன் வாங்க வேண்டும்.

அது இரண்டு ஏக்கரில் விளைந்த சம்பா. பட்டாளத்திலிருந்து இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் காலோடு வந்தவன், கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு வாய்க்காலின் கடைமடையில் வாங்கிய நிலம். முதல் ஆண்டுப் பயிரை வெள்ளம் கொண்டுபோனது. அடுத்த ஆண்டு கடைமடை வரைக்கும் தண்ணீரே எட்டவில்லை. மூன்றாவது ஆண்டில்தான் நெல் என்று சொல்லிக்கொள்ள ஒன்று விளைந்தது. செயற்கைக் கால் சேற்றில் இறங்காது என்பதால், நட்டது முதல் அறுத்தது வரை வயலுக்குள் நின்றவள் அவன் மனைவி எழில்மொழி. அவன் வரப்பில் நின்றான். வீட்டில் இந்தக் குவியலைத் தவிர வேறு ஒரு மணி நெல் இல்லை.

குவியலை மூட அவனிடம் இரண்டு தார்ப்பாய்கள் இருந்தன. படைப்பிரிவில் கழித்துவிட்ட பொருள்களை ஏலம் போட்டபோது எடுத்தவை; மெழுகேற்றிய தடித்த பச்சைத் துணி, விளிம்பெல்லாம் பித்தளை வளையங்கள். பனிமலையில் கூடாரத்தின் மேல் கிடந்த துணிக்கு நெடுங்கொல்லைப் பனி ஒரு பொருட்டில்லை. களத்தில் மற்றவர்கள் உரச்சாக்கைத் தைத்துப் போர்த்தியிருக்க, செல்லதுரையின் நெல் மட்டும் பட்டாளத்துப் போர்வையில் தூங்குவதாக லோடுமேன்கள் கேலி பேசுவார்கள்.

பதினொரு மணிக்குத் தியாகேசன் வந்தார். ஒன்றியச் செயலாளர். வெள்ளை வண்டியிலிருந்து அவர் இறங்கும்போது அவருக்கு முன்னால் இரண்டு பேரும் பின்னால் நான்கு பேரும் இறங்கினார்கள். களத்தை நாலாபுறமும் பார்த்துவிட்டு, மாலை ஐந்து மணிக்கு இங்கேதான் விழா என்று அறிவித்தார். ‘படைவீரர் பெருமை விழா’ என்று பெயர். எல்லையில் நடந்த சண்டை தொலைக்காட்சியில் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கட்சியின் மாவட்டத் தலைவர் ஒன்றியந்தோறும் ஒரு வீரரை மேடையேற்றிப் பாராட்டுவதென்று முடிவெடுத்திருந்தார். இந்த ஒன்றியத்துக்குச் செல்லதுரை. சாலையோரத்தில் இருபதடி நீளத்துக்கு ஃப்ளெக்ஸ் பதாகை முந்தின நாளே கட்டியாகிவிட்டது. அதில் தலைவரின் முகம் எட்டடி. பக்கத்தில் தியாகேசன் கைகூப்பியிருந்தார். கீழ்க்கோடியில் செல்லதுரையின் அடையாள அட்டை முகம், துப்பாக்கியோடு ஓடிவரும் யாரோ ஒருவருடைய உடலில் பொருத்தப்பட்டிருந்தது. அந்த உடலுக்கு இரண்டு கால்களும் இருந்தன.

களத்தின் நடுவில் இருந்தது செல்லதுரையின் குவியல். மேடை அங்கேதான் வர வேண்டுமாம்.

“நம்ம ஊர்ல மேடுன்னா இது ஒண்ணுதான் தம்பி. மத்ததெல்லாம் சேறு. தலைவர் செருப்பு சேத்துல பதிஞ்சா எனக்குல்ல அசிங்கம்?” என்றார் தியாகேசன்.

கோடு போட்டாகிவிட்டது, நகர்த்தினால் கலைந்துவிடும் என்றான் செல்லதுரை. பட்டியல் எழுத்தரைப் பார்த்தான். எழுத்தர் ஏட்டில் எதையோ கூட்டிக்கொண்டிருந்தார்.

“கோடு என்னங்க கோடு. நான் இருக்கேன்ல. நாளைக்கு மொத தராசு ஒங்களுது. ஒங்களுக்காகத்தானே இவ்வளவும் நடத்துறோம்? தலைவருக்கு வலப்பக்கம் நாற்காலி போடச் சொல்லியிருக்கேன்.”

அந்த நாற்காலிதான் அவனைக் கவிழ்த்தது. செல்லதுரையின் அப்பா இதே நிலையத்தில் இருபத்தாறு ஆண்டுகள் மூட்டை தூக்கியவர். இதே களத்தில் ஒரு பெரிய மனிதர் வந்தால் முண்டாசை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றவர். அவர்கள் குடியிருக்கும் தெற்குத் தெருவிலிருந்து ஒருவனும் இதுவரை இந்த ஊரில் மேடை நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. கூட்டத்துக்குக் கொடி கட்டியிருக்கிறார்கள்; கை தட்டியிருக்கிறார்கள். அம்மா அம்சத்துக்குச் செய்தி போனதும் அவள் பீரோவிலிருந்து நல்ல சேலையை எடுத்து உதறிவிட்டாள். கண்ணில் புரை அறுவை செய்து சரியாகக் கூடிவராத அவளுக்கு மேடை தெரியப்போவதில்லை. ஒலிபெருக்கியில் மகன் பெயரைச் சொல்வது கேட்டால் போதும் என்றாள்.

எழில்மொழி மட்டும் குவியலை விட்டு எழுந்திருக்கவில்லை.

“அவரு நாக்கால போடுற கோட்ட நம்பி நெல்லு மேல போட்ட கோட்ட அழிக்கிறீங்களா?” என்றாள்.

செல்லதுரை லோடுமேன்களுக்குச் சைகை காட்டினான். பதினாறு ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்தவன். சொந்த நெல் விஷயத்தில் இட்ட ஒரே உத்தரவு அது. மரப்பலகைகள் குவியலில் இறங்கின. சுண்ணாம்புக் கோடு சரிந்து, வெள்ளை மணிகள் மஞ்சள் மணிகளுக்குள் போய் மறைந்தன. பிற்பகல் இரண்டு மணிக்கு நெல் முழுவதும் சிமெண்டுத் தரையை விட்டு வாய்க்கால் கரையோர மண்தரையில் கிடந்தது.

நான்கு மணிக்குத் தார்ப்பாய்களும் போயின. கூத்தாநல்லூரிலிருந்து சாமியானா போட வந்திருந்த அப்துல் ஜலீலின் துணி பழையது; வெயிலுக்குத் தாங்குமே தவிரப் பனிக்குத் தாங்காது என்று அவரே ஒப்புக்கொண்டார். தியாகேசனின் ஆள்கள் களத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். பச்சைத் தார்ப்பாய் எல்லார் கண்ணிலும் ஒரே நேரத்தில் பட்டது. தலைவருக்குச் சளித் தொந்தரவாம். எட்டு மணிக்குள் விழா முடிந்துவிடும். முடிந்த கையோடு அவிழ்த்துத் தந்துவிடுவார்களாம். அவர்கள் போனதும் ஜலீல் கயிற்றைச் சுருட்டியபடி செல்லதுரையின் பக்கத்தில் வந்து நின்றார்.

“கொடுத்துடாதீங்க தம்பி. கட்சிக்காரவுங்ககிட்ட போன என் ஜமக்காளம் இருவத்தி மூணு. திரும்பி வந்தது ரெண்டு. அதுலயும் ஒண்ணு வேற யாருதோ.”

செல்லதுரை சிரித்தான். மேற்கே திருத்துறைப்பூண்டிப் பக்கம் வானத்தின் அடியில் கரிக்கோடு போல ஒன்று கிடந்தது. தை மாதத்தில் மழை எங்கே வரப்போகிறது என்று எண்ணிக்கொண்டான். வளையங்களிலிருந்து கயிற்றை உருவித் தார்ப்பாய்களை மடித்துக் கொடுத்தவன் அவனேதான். மூலைக்கு மூலை பிசகாமல், பட்டாளத்து மடிப்பாக மடித்துக் கொடுத்தான்.

விழா ஆறு மணிக்குத் தொடங்கியது. செல்லதுரை வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, தியாகேசன் சொன்னபடி காக்கிக் கால்சட்டை போட்டு, தலைவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தான். அம்சம் பெண்கள் பகுதியின் முதல் வரிசையில் இருந்தாள். எழில்மொழி விழாவுக்கு வரவில்லை. மேடையிலிருந்து பார்த்தால் வாய்க்கால் கரையில், மூடாத குவியலின் பக்கத்தில், அவள் நிற்பது தெரிந்தது.

தலைவர் நன்றாகப் பேசுபவர். மைக்கைத் தொடாமலே பேசினார்.

“நீங்களும் நானும் இங்க போர்வைக்குள்ள படுத்திருக்கோம். அங்க ஒருத்தன் பனியில நிக்கிறான். அவன் நெஞ்சக் காட்டி நிக்கிறதுனாலதான் நம்ம வீட்டுல ஒல கொதிக்குது. அவனுக்கு நாம என்ன செஞ்சோம்?”

கைதட்டல் அடங்கும் வரை பொறுத்திருந்து, செல்லதுரை கார்கிலில் எதிரியின் குண்டுக்குக் காலைக் கொடுத்த கதையைச் சொன்னார். கார்கில் சண்டையின்போது செல்லதுரை திருத்துறைப்பூண்டியில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். கால் போனது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. முள்வேலியைச் செப்பனிடப் போனபோது, நம் ஆள்களே புதைத்துப் பனிச்சரிவில் இடம் நகர்ந்திருந்த கண்ணிவெடியை மிதித்தான். அன்று அங்கே எதிரி என்று யாரும் இல்லை. இதையெல்லாம் தியாகேசனிடம் எழுதிக் கொடுத்திருந்தான். அந்தத் தாள் தலைவரின் முன்னாலேயே, தண்ணீர்ப் புட்டிக்கு அடியில், இருந்தது.

பிறகு தலைவர் பேச்சை நிறுத்தினார். செல்லதுரையின் பக்கம் திரும்பிக் குனிந்து, அவனுடைய இடது கால்சட்டையை இரு விரலால் பிடித்து, முழங்கால் வரைக்கும் தூக்கினார். உலோகக் குழாய் விளக்கொளியில் பளிச்சிட்டது. மைக்கைக் கழற்றி அதன் அருகே வைத்து, மோதிர விரலால் குழாயை இரண்டு தட்டு தட்டினார். ஓசை களமெங்கும் கேட்டது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. புகைப்படக்காரர்களுக்காக அவர் அப்படியே சற்று நேரம் பிடித்துக்கொண்டிருந்தார். செல்லதுரை தன் முழங்காலைப் பார்த்தபடி இருந்தான். அது தன்னுடையதுதானா என்று யாராவது கேட்டிருந்தால் உடனே சொல்லியிருக்க முடியாது.

முதல் துளி விழுந்த ஓசை தலைக்கு மேலே கேட்டது. தார்ப்பாயில் மழை விழும் ஓசை எப்படி இருக்கும் என்று அவனை விட நன்றாக அறிந்தவர் அந்த மேடையில் இல்லை. இரண்டு துளி, பத்துத் துளி, பிறகு எண்ண முடியாமல் போயிற்று. அவன் எழுந்தான். பின்வரிசையிலிருந்து தியாகேசனின் கை அவன் தோளில் விழுந்து அழுத்தியது.

“தலைவர் பட்டாளத்தப் பத்திப் பேசிக்கிட்டிருக்காரு. பட்டாளத்துக்காரரே எந்திரிச்சுப் போனா நல்லாவா இருக்கும்? ஒக்காருங்க.”

உட்கார்ந்துவிட்டான். பின்னாளில் இந்த இடத்தைத்தான் அவனால் தனக்கே விளக்கிச் சொல்ல முடியவில்லை. கை ஒன்றும் அவ்வளவு பலமானதில்லை. ஆனால் பதினாறு ஆண்டுகளாக உத்தரவு கேட்டே எழுந்த உடம்பு அது. உத்தரவு வந்ததும் அமர்ந்துகொண்டது. மேடை விளக்கு எட்டிய வாய்க்கால் கரையில் எழில்மொழி தன் சேலை முந்தானையை அவிழ்த்துக் குவியலின் உச்சியில் விரிப்பது தெரிந்தது. பிறகு மழை தடித்ததில் அவள் தெரியவில்லை. தலைவர் மேலும் பதினான்கு நிமிடங்கள் பேசினார். பொன்னாடை போர்த்தினார். கண்ணாடிப் பேழைக்குள் வைத்த பித்தளைத் துப்பாக்கி ஒன்றை நினைவுப் பரிசாகத் தந்தார். வண்டி மேடையின் பின்புறம் வரை வந்து அவரை ஏற்றிக்கொண்டது.

தார்ப்பாயை அவிழ்க்கச் சொல்லிச் செல்லதுரை கேட்டான். அடியில் இருநூறு பேர் ஒதுங்கி நின்றார்கள். இத்தனை பேரை மழையில் விட்டுவிட்டா அவிழ்ப்பது என்று தியாகேசன் திருப்பிக் கேட்டார். அதில் நியாயம் இருப்பதாக அந்த இருநூறு பேரும் நினைத்தார்கள்.

ஆகவே அவன் சாலைக்குப் போனான். எழில்மொழி அறுவாளோடு பின்னால் வந்தாள். பதாகையின் கயிறுகளை அவள் அறுக்க, அவன் இழுத்தான். இருபதடி ஃப்ளெக்ஸ். விழா முடிந்த பதாகை யாருக்கும் வேண்டாம். அந்தப் பக்கத்தில் பாதி மாட்டுக் கொட்டகைகளுக்கும் குளியலறைகளுக்கும் கூரையும் சுவரும் அதுதான். அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. முகம் அச்சடித்த பக்கம் வெளியே தெரியாமல் திருப்பித்தான் போட வேண்டும். எந்தத் தலைவர் எந்தக் கூரையில் வெயில் காய்கிறார் என்று வம்பு வளர்க்க ஊரில் ஆள் இருக்கிறது. செல்லதுரைக்கும் அது தெரியும். திருப்பித்தான் விரித்தான். காற்று ஒரு வீச்சில் அதைப் புரட்டிப் போட்டது. மீண்டும் திருப்ப நேரமில்லை. விளிம்பில் செங்கற்களை வைத்தார்கள். கற்கள் போதவில்லை. வழி தடவிக்கொண்டு வந்து சேர்ந்த அம்சம் மிச்சமிருந்த மூலையில் தன் எடையையே வைத்து உட்கார்ந்துகொண்டாள். நல்ல சேலை நனைந்து உடம்போடு ஒட்டியது.

“பேரச் சொன்னாங்கய்யா. ரெண்டு தரம் சொன்னாங்க,” என்றாள் மகனிடம்.

ஐந்து நிமிடம் நெல்லின் மேல் தண்ணீர் படவில்லை. அதற்குள் யாரோ கைபேசியில் படம் பிடித்துவிட்டார்கள். முதலில் மூன்று பேர் வந்தார்கள். பிறகு குடையோடு தியாகேசன் வந்தார். டார்ச் வெளிச்சம் பதாகையின் மேல் ஊர்ந்தது. தலைவரின் நெற்றியில் நான்கு செங்கற்கள் இருந்தன. அம்சம் உட்கார்ந்திருந்த இடம் அவருடைய வாய்.

“எந்திரிங்க,” என்றார் தியாகேசன்.

“மழ விடட்டும்ணே. நானே கொண்டு போய்க் கட்டித் தர்றேன்,” என்றான் செல்லதுரை.

“கட்டித் தருவீங்களா? ஒரு மணி நேரம் முன்னாடி ஒங்க கால அவரு கையால தொட்டாரு தம்பி. எந்தத் தெருக் கால்னு பாத்தாரா? இப்ப அவரு வாயில ஒங்க அம்மாவக் குந்த வச்சிருக்கீங்க.”

அம்சம் பதறி எழுந்தாள். கும்பிட்டாள். டார்ச் கண்ணில் அடித்ததால் ஆள் இருக்கும் திசை தவறி வாய்க்காலைப் பார்த்துக் கும்பிட்டாள்.

“யாருன்னு தெரியலீங்க. கண்ணு சரியாத் தெரியாதுங்க. மன்னிச்சுக்குங்க.”

செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வீசினார்கள். எழில்மொழி ஒரு விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் கையை ஒருவன் விரல் விரலாகப் பிரித்தான். செல்லதுரை முன்னால் பாய்ந்தபோது செயற்கைக் காலின் அடி நனைந்த நெல்லில் வழுக்கியது. மல்லாந்து விழுந்தான். யாரும் அவனை அடிக்கவில்லை. அதற்குத் தேவை இருக்கவில்லை. துண்டால் தலைவரின் முகத்தைத் துடைத்தார்கள். பதாகையை மடித்தால் முகத்தில் கோடு விழும் என்று தியாகேசன் எச்சரித்ததால் பாய் போலச் சுருட்டினார்கள். நான்கு பேர் தோளில் ஏற்றி, அடி பிசகாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். பட்டாளத்தில் செல்லதுரை நான்கு முறை சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்திருக்கிறான். அப்போதும் நடை இப்படித்தான் இருந்தது. சுருளுக்குள் எங்கேயோ அவன் முகமும் போயிற்று.

மழை அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் பெய்தது.

வெள்ளிக்கிழமை காலை மானி இருபத்தைந்து புள்ளி ஆறு என்று காட்டியது. பட்டியல் எழுத்தர் கெட்டவர் இல்லை. எண்ணைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். காய வைத்துக் கொண்டு வந்தால் பார்க்கலாம் என்றார். புது டோக்கன் எழுதினார்: அறுபத்து மூன்று. முதல் தராசு என்று செயலாளர் சொன்னதைச் செல்லதுரை நினைவூட்டினான். அதைச் செயலாளரிடந்தான் கேட்க வேண்டும் என்றார் எழுத்தர்.

செயலாளர் அவராகவே வந்தார். கையில் கைபேசி. செங்கல் வைத்த தலைவரின் படத்தை அதற்குள் ஆயிரக்கணக்கானோர் பார்த்துவிட்டார்களாம். கட்சி இளைஞர்கள் காவல் நிலையத்துக்குப் புகார் எழுதி வைத்திருக்கிறார்களாம். தான்தான் தடுத்துக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஒரு சின்ன மன்னிப்பு போதும். காணொளியில். அதே பதக்கங்களோடு, நேற்றுப் போர்த்திய பொன்னாடையோடு. பேச வேண்டியது எழுதியே வந்திருந்தது.

மீண்டும் நட்ட பதாகையின் முன்னால் செல்லதுரையை நிறுத்தினார்கள். முதல் முறை அவன் குதிகாலைச் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, எழுதியதை ஒப்பித்தான். அது திமிராகத் தெரிகிறது என்றார்கள். இரண்டாம் முறை தலை குனிந்தது போதவில்லை. மூன்றாம் முறை தியாகேசன் அவன் பிடரியில் கை வைத்துக் கோணத்தைச் சரிசெய்துவிட்டு விலகிக்கொண்டார். மூன்றாவதுதான் வெளியே போனது. முந்தின நாள் அவனுடைய உலோகக் காலுக்கு ஆயிரம் பேர் வணக்கம் எழுதியிருந்தார்கள். அதே ஆள்களில் பலர் இப்போது, நன்றி கெட்டவன் என்றும் பட்டாளத்துக்கே இழுக்கு என்றும் எழுதினார்கள். எழில்மொழி இது எதையும் பார்க்கவில்லை. அவள் நெல்லைச் சாலையில் விரித்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களில் இரண்டு வீங்கியிருந்தன.

வெயில் வரவில்லை. மணிக்கொரு தூறல் வந்தது. ஒவ்வொரு தூறலுக்கும் நெல்லை அள்ளிக் குவிக்க வேண்டும். குவித்தால் மூட வேண்டும். மூட ஒன்றும் இல்லை. தார்ப்பாய்களைக் கேட்டு மூன்று முறை ஆள் அனுப்பினான். மேடைச் சாமான்களோடு அவையும் லாரியில் ஏறிக் கீழ்மங்கலத்துக்குப் போய்விட்டன என்று பதில் வந்தது. சனிக்கிழமை மாலை அங்கே அடுத்த விழா. கடைசியில் தியாகேசனே தொலைபேசியில் பேசினார்.

“அந்த ஒன்றியத்து வீரருக்கு ஒடம்பு சரியில்லையாம். தலைவர் ஒங்களையே வரச் சொல்லிட்டாரு. பெருந்தன்மையப் பாருங்க. முடிஞ்சதும் ஒங்க தார்ப்பாய நீங்களே அவுத்து எடுத்துக்கிட்டு வந்துடுங்க. வண்டி அனுப்புறேன்.”

வர முடியாவிட்டால் என்று செல்லதுரை தொடங்கினான்.

“வரலைன்னா பசங்கள என்னால புடிச்சு வைக்க முடியாது தம்பி.”

சனிக்கிழமை காலை எழில்மொழி குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். உள்ளே காய்ச்சல் கண்ட பிள்ளையின் வயிறு போலச் சுட்டது. அடியிலிருந்து எடுத்த பிடியில் மணிக்கு மணி வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அடிப்பாதி போயிற்று, அதைத் தனியே தள்ளினாள். மேல்பாதி இன்னும் முளை காணவில்லை. இன்னொரு மழை அதன் மேல் விழாமல் இருந்தால் அதையாவது காப்பாற்றலாம். வானம் கருத்திருந்தது. அவள் செல்லதுரையின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“போயி தார்ப்பாய எடுத்துக்கிட்டு வாங்க. அங்க என்ன பேசுனாலும் காதுல வாங்காதீங்க. தார்ப்பாய் மட்டும் வரணும்.”

அம்சம் நல்ல சேலையைத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். இந்த முறை தன்னை அழைத்துப் போகச் சொல்லி அவள் கேட்கவில்லை.

கீழ்மங்கலம் பள்ளித் திடலில் மேடை அதே போல இருந்தது. அப்துல் ஜலீல் கம்பத்தின் மேல் ஏறி நின்று பச்சைத் தார்ப்பாயின் வளையத்தில் கயிறு கோத்துக்கொண்டிருந்தார். செல்லதுரையைக் கண்டதும் கை நின்றது. பிறகு முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு மறுபக்கமாக இறங்கிப் போய்விட்டார். நாற்காலி தலைவருக்கு வலப்பக்கம் இருந்தது.

தலைவர் நன்றாகப் பேசினார். போர்வைக்குள் படுத்திருப்பவர்களையும் பனியில் நிற்பவனையும் பற்றிச் சொன்னார். வீரன் என்பவன் தவறு செய்தால் மன்னிப்புக் கேட்கவும் அஞ்சாதவன் என்று இன்று ஒரு வரியைச் சேர்த்திருந்தார். அதற்குக் கைதட்டல் அதிகம் கிடைத்தது. அவர் பேச்சில் இன்றும் அவன் கார்கிலில் காலைக் கொடுத்தான். பிறகு அவர் பேச்சை நிறுத்தித் திரும்பினார். இரு விரலை நீட்டிக்கொண்டு குனியத் தொடங்கினார்.

அந்த விரல்கள் வந்து சேரும் முன்னரே செல்லதுரை தன் கால்சட்டையைத் தானே முழங்கால் வரை தூக்கிக் காட்டினான். தலைவருக்குக் குனியும் வேலை மிச்சமாயிற்று. மைக்கைக் கழற்றிக் குழாயருகே வைத்தார். இரண்டு தட்டு தட்டினார். கூட்டம் எழுந்து நின்றது. புகைப்படக்காரர்கள் முடிக்கும் வரை துணியைப் பிடித்த கையைச் செல்லதுரை இறக்கவில்லை.

அப்போது தலைக்கு மேலே முதல் துளி விழுந்தது. கீழ்மங்கலத்திலிருந்து நெடுங்கொல்லை ஐந்து கிலோமீட்டர். மழை மேற்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. நெடுங்கொல்லையைத் தாண்டித்தான் இங்கே வர வேண்டும். மழை வலுத்தது. கூட்டம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு மேடையை ஒட்டி நெருங்கியது. தலைவர் மேலே பார்த்துவிட்டுத் தியாகேசனிடம் திருப்தியாகத் தலையசைத்துப் பேச்சைத் தொடர்ந்தார். செல்லதுரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பித்தளை வளையங்கள் விறைப்பாக நின்றன. பச்சைத் துணி பள்ளம் விழாமல், முடிச்சு நெகிழாமல், இருக்க வேண்டியபடியே இருந்தது. ஒரு சொட்டுக் கூட ஒழுகவில்லை.